லண்டனைக் காப்பாற்றிய கொடும்பாவி

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு செல்போனை எடுத்துவிடுவார்கள். போன மாதம் மகள் என்னைக் கோவில்பட்டியில் ஒரு சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உடம்போடு ஒட்டிய உடுப்பு, முகத்துக்கு மூடாக்கு, கையை நீட்டினால் பறக்கிறான் ஒருத்தன். தியேட்டரே விசிலடிக்கிறது. 'எப்படிம்மா இருக்கான்?' என்று மகள் காதோடு கேட்டாள். 'எங்க ஊர்ல இவனக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி எரிச்சோம்ட்டி' என்றேன். முன்சீட்டுக்காரர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். நடந்ததைத்தானே சொன்னேன்.

பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. இதில் வருகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் இருக்கிறார்கள், மீதிப்பேருக்குச் சண்டைக்கு வரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் ஏறி, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் அந்த மண் காலில் கிடக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பெய்யாவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நான் அஞ்சாவது முடித்த அந்தக் கோடையில் தம்பியின் கோலிக்குண்டு ஒன்று வெடிப்புக்குள் விழுந்தது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம், விழுந்த சத்தம் வரவே இல்லை. 'அது இன்னும் போய்க்கிட்டு இருக்குக்கா' என்றான். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. ஊருணியில் குடிக்கத் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. அதற்குமேல் பிள்ளைகளுக்கு ஒரே வழிதான், தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்போம். அஞ்சாவதில் நாங்கள் நாலு பொம்பளைப் பிள்ளைகள். பரீட்சை முடிந்த மறுநாளே ஆபீஸ் ஏஜெண்ட் வந்து நாலு பேர் கையையும் வாங்கி விரித்துப் பார்த்தார். குச்சி அடுக்க விரல் மெலிசாக இருக்க வேண்டுமாம். என் விரலைப் பார்த்து, 'நல்ல விரலு' என்றார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜூன் மாதம் முதல் அனுப்புவதாக அப்பா தலையை ஆட்டியாயிற்று.

அம்மா மட்டும் ஆட்டவில்லை. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தார், என் தாய்மாமா. கோவில்பட்டியில் டிரில் வாத்தியார். அவர் வீட்டில் என்னை வைத்து டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்க்கவேண்டும் என்று அம்மா என் கையாலேயே நாலு கடுதாசி எழுத வைத்தாள். மாமா ஒரே ஒரு பதில் போட்டார். 'பத்து நாள் அனுப்பு. வைத்துப் பார்க்கிறேன். ஒழுக்கமாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன். முடிவை நேரில் வந்து சொல்கிறேன்.' ஆக, நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதா குச்சி அடுக்கப் போவதா என்பது அந்தப் பத்து நாளில் இருந்தது.

மாமா வீட்டில் எல்லாவற்றுக்கும் விசில். எழுந்திருக்க ஒன்று, குளிக்க இரண்டு, சாப்பிட நீளமாக ஒன்று. சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தால் குட்டி விசில். மாமா கெட்டவர் இல்லை. உலகம் வரிசையில் நின்றால் உருப்பட்டுவிடும் என்று நம்பினவர், அவ்வளவுதான். அவருக்குப் பரம விரோதி படக்கதைப் புஸ்தகம். அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, துண்டை முதுகில் கட்டிக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து குதித்துக் கையை ஒடித்துக்கொண்டானாம். அதிலிருந்து அந்த வீட்டுக்குள் படக்கதை நுழையக் கூடாது.

ஆனால் முந்தின வருஷம் நுழைந்துவிட்டது. மாமா மகன், எனக்கு மச்சான் முறை, அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு புஸ்தகம் அகப்பட்டது. 'என்னுது இல்லப்பா' என்றிருக்கிறான். படக்கதைக்கு மூன்று அடி, பொய்க்கு மூன்று அடி. அத்தை அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம், வாயே திறக்கவில்லை. சாயங்காலம் அவனுக்கு மட்டும் ரெண்டு கடலை மிட்டாய் அதிகமாகக் கொடுத்தாளாம். 'எங்கம்மா கல்நெஞ்சுக்காரிட்டி' என்று மச்சான் சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தை பேசுகிற ஆளே இல்லை. சோடாப்புட்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பாள். மத்தியானம் ஒரு மணி நேரம், உளுந்து புடைக்கிறேன் என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டுக்கு இன்னொரு வயிறு வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பத்து வயதில் பெரியவர்களைப் பற்றி நாம் செய்த முடிவுகளுக்கு யாராவது நம்மை மூன்று அடி அடித்திருக்கலாம்.

ஒன்பதாம் நாள்வரை நான் ஒழுக்கத்தின் சிகரம். அன்று திடீரென்று தெருவுக்குத் தண்ணி லாரி வந்துவிட்டது. அத்தை இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, 'ரெண்டு உழக்கு உளுந்து எடுத்து ஊறப் போடுட்டி' என்று சொல்லிவிட்டு ஓடினாள். உளுந்து டின்னை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. தண்ணி அவசரத்தில் மறந்துவிட்டாள். உழக்கை உள்ளே விட்டேன், உளுந்துக்கு அடியில் ஏதோ வழுவழுவென்று தட்டுப்பட்டது. இழுத்தேன்.

'பனிச் சிறையில் பாதரசம்.'

அட்டையில் ஒருத்தன் நிற்கிறான். தலையிலிருந்து கால்வரை நீலத்தில் ஒட்டுடுப்பு, அதற்கு மேலே சிவப்பில் ஜட்டி. ஆமாம், மேலே. முகமூடியில் இரண்டு கீறல், அதுதான் கண். அவன் லண்டன் ரகசிய இலாகாவின் உளவாளி, பெயர் பாதரசம். ஆபத்து வந்தால் உருகித் தரையில் ஓடி, கதவுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் எழுந்து நிற்பான். நின்ற நிலையிலேயே மூன்று பக்கம் படித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் அவனைப் பனிக்கட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். 'அடப் பாதகர்களே, என் இடது கால் உறைகிறதே' என்று செந்தமிழில் அலறுகிறான். அத்தை குடத்தோடு திரும்புகிற சத்தம் கேட்டது. டின்னுக்குள் திருப்பித் திணித்தேன்.

மச்சான் ஒளித்து வைத்தது என்றுதான் நினைத்தேன். அடி வாங்கினாலும் திருந்தவில்லையே, பலே ஆள்தான் என்று அவன்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. அன்று ராத்திரி முழுக்க அந்த இடது கால்தான் கண்ணில் நின்றது. மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது புஸ்தகம் என் பாவாடை நாடாவுக்குள் இருந்தது. படித்துவிட்டு ஜூனில் வரும்போது டின்னிலேயே போட்டுவிடலாம் என்பது கணக்கு. பஸ்ஸில் உட்கார்ந்தால் முனை குத்துகிறது, நின்றால் நழுவுகிறது. ஒழுக்கப் பரீட்சையில் தேறிய பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டே விலக்குவரை வந்து சேர்ந்தாள்.

பருத்தி இல்லாத பருத்தி அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அட்டைதான் கலர், உள்ளே எல்லாம் கறுப்பு. சிவகாசி அச்சு கொஞ்சம் நகர்ந்து, சில பக்கங்களில் பாதரசத்தின் கண் கன்னத்தில் இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் மையும் உளுந்தும் கலந்த ஒரு வாசம். இன்றைக்கும் இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டால் எனக்கு லண்டன் ஞாபகம்தான் வரும். இரண்டாம் நாள் தம்பி கண்டுபிடித்துவிட்டான். அவன் ஒன்றாவது, எழுத்துக்கூட்டத்தான் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளையார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, குரல் மாற்றிக் குரல் மாற்றி அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

கதை இதுதான். ஒற்றைக் கண்ணாடி போட்ட ஒரு புரொபசர் வட துருவத்துப் பனிமலை முழுவதையும் உருக்கி அந்தத் தண்ணீரை லண்டனுக்குள் விடப் பார்க்கிறான். பாதரசம் அதைத் தடுக்கிறான். வெளியே வெயில் கூரை ஓட்டைப் பிளக்கிறது. பனி என்றால் எங்களுக்குத் தெரிந்தது குச்சி ஐஸ். தம்பி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், நடுவில் நிறுத்தினான்.

'அவன் தண்ணி விடுதேங்கான். இவன் எதுக்குக்கா தடுக்கான்?'

'ஊரு முழுகிரும்லா.'

'முழுகட்டும். மிச்சத்த இங்கன அனுப்பலாம்லா.'

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கடைசியில் பாதரசம் மதகை அடைத்து, ஒரு பொட்டுத் தண்ணீர் லண்டனுக்குள் வராமல் காப்பாற்றினான். ஜனங்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆரவாரம் செய்தார்கள். தம்பி அட்டையில் நின்றவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுக்கு அவ்வளவு கோபம்.

இந்தச் சமயத்தில்தான் ஊர் கூடிக் கொடும்பாவி கட்டுவது என்று முடிவாயிற்று. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, என்றாலும் சொல்கிறேன். மழை பெய்யாமல் போவதற்கு எங்கோ ஒரு மகாபாவி இருப்பதுதான் காரணம். வைக்கோலில் அந்தப் பாவியைச் செய்து, பானையில் தலை வைத்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கண்மாய்க்கரையில் எரித்துவிட்டால் வானம் இளகும். எங்கள் ஊரில் ஒப்பாரிக்குத் தலைமை என் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. அவள் வாயைத் திறந்தால் செத்தவனுக்குக் கடன் கொடுத்தவனும் அழுவான். அந்தப் பெரியம்மா கூட்டத்தில் எழுந்து நின்றுகொண்டாள்.

'வருசா வருசம் பொம்பளையவே கட்டி இழுக்கியளே. மழையத் தடுக்கதுக்கு எங்களுக்கு எங்கன நேரம் இருக்கு? இந்தத் தடவ ஆம்பளையக் கட்டுங்க. இல்லன்னா ஒப்பாரிக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க.'

அவள் இல்லாமல் ஒப்பாரி ஏது? ஆண்கள் ஒத்துக்கொண்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆம்பளைப் பாவிக்கு யார் முகத்தை வைப்பது? மீசை வைத்தால் நாட்டாமை ஜாடை. மீசையை எடுத்தால் தபால்காரர் ஜாடை. வழுக்கை வைத்தால் ஐந்து பேர் அரிவாளோடு வருவார்கள். பக்கத்து ஊரில் ஒரு தடவை முகம் யாருக்கோ ஒத்துப்போய்க் கயத்தாறு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் பஞ்சாயத்து போனது. இந்த ஜில்லாவில் எவன் ஜாடையும் இல்லாத ஒரு முகம் வேண்டும் என்று மத்தியானம்வரை யோசித்தார்கள். பாவிக்குச் சட்டை தைக்கிற பொறுப்பு தையல்கார பாயுடையது. 'எங்க பள்ளியில மழைத் தொழுக தொழுதாச்சு. உங்க பங்குக்கு நீங்க செய்யிறதுக்குத் துணிய நான் தச்சுத் தாரேன். மூஞ்சிய மட்டும் சீக்கிரம் சொல்லுங்க' என்று அளவு நாடாவோடு காத்திருந்தார்.

நான் அம்மாவோடு தண்ணீர் எடுக்க மூன்று மைல் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் தம்பி ஊர்க்கூட்டத்தின் நடுவே போய் நின்று, 'தண்ணியத் தடுத்தவன் படம் எங்க வீட்ல இருக்கு' என்று சொல்லியிருக்கிறான்.

சத்தியத்தை அவன் மீறவில்லையாம். புஸ்தகம் என்று சொல்லவில்லையே, படம் என்றுதானே சொன்னேன் என்று இன்றைக்கும் வாதாடுகிறான். இப்போது கோர்ட்டில் குமாஸ்தா.

பாய் புஸ்தகத்தை வாங்கிப் பின்னட்டையைச் சத்தமாகப் படித்தாராம். 'பெருவெள்ளத்தைத் தன்னந்தனியாகத் தடுத்து நிறுத்திய மாவீரன்.' அச்சில் போட்டிருக்கிறதே, பிறகென்ன சந்தேகம்? யாரோ ஒரு பாவி தண்ணியைத் தடுப்பதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தோம், இதோ ஆள் கிடைத்துவிட்டான், படத்தோடு. பெரியம்மா அட்டையை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். 'ஜட்டிய வெளிய மாட்டிக்கிட்டுத் திரியுதான். இவன் இருக்கிற ஒலகத்துல மழ எப்படிப் பெய்யும்?'

நான் குடத்தோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பானைமேல் தீப்பெட்டி ஒட்டுகிற பசையால் முன்னட்டை ஒட்டியாயிற்று. உள்பக்கங்களைக் கசக்கிக் கழுத்துக்குள் திணித்தாயிற்று. பாய் படத்தைப் பார்த்தே நீலத்தில் ஒட்டுடுப்பும், சிவப்பில் ஜட்டியும் தைத்திருந்தார், அச்சாக இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொடும்பாவி இழுப்பதும் அன்றுதான், மாமாவும் அத்தையும் முடிவு சொல்ல வருவதும் அன்றுதான்.

அட்டையைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். பசை காய்ந்துவிட்டது. கரி பூசலாமா என்று யோசித்தேன். பக்கத்தில் நாலு பேர் காவல், பாவி தப்பிவிடுவான் என்று. கதவுக்குக் கீழே உருகி ஓடுகிறவன் என்று தம்பி வேறு சொல்லி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குச் சங்கும் சேகண்டியுமாக ஊர்வலம் கிளம்பியது. பாதரசம் மல்லாக்கக் கிடந்து புழுதியில் வந்தான். ஆண்கள் கயிற்றை இழுக்க, பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மாரடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சரியாகப் பள்ளிக்கூட முக்கில் திரும்பும்போது எதிரே மாமா. வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில். பின்னால் பூப்போட்ட நைலக்ஸ் சேலையில் அத்தை. விலக்கிலிருந்து வேகாத வெயிலில் நடந்து வந்திருக்கிறார்கள்.

மாமா பாவியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

'படக்கத' என்றார். 'இது யாரு வீட்டுப் புஸ்தகம்?'

என் அருமைத் தம்பி வாயைத் திறந்தான். 'அக்கா உங்க வீட்டு உளுந்து டின்லருந்து எடுத்துட்டு வந்தா.'

சேகண்டி நின்றுவிட்டது. மாமாவுக்கு முகம் சிவந்து, பிறகு வெளிறியது. என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அம்மாவைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். 'எம் மகன் ஒளிக்கான், உம் மக திருடுதா. ரெண்டையும் ஒரே வீட்ல வச்சு நான் என்ன செய்ய? இவ வரவேண்டாம்மா.' அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். தப்பு என்னுடையதுதானே, யாரைக் குற்றம் சொல்ல?

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. முதலில் யாருடைய குரல் என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. அத்தை நைலக்ஸ் சேலையோடு புழுதியில் உட்கார்ந்து, பாவியின் தலைமாட்டில் கையைத் தட்டி ஒப்பாரி வைக்கிறாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒப்பாரி வைக்கிறவளை நிறுத்தக் கூடாது. அவள் என்ன சொன்னாலும் யாரும் குறுக்கே பேசக் கூடாது, பின்னால் கேட்கவும் கூடாது. சாவு வீட்டில் மருமகள் பாட்டாகவே மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள், மாமியார் கூடச் சேர்ந்து மூக்கைச் சிந்தவேண்டியதுதான். அத்தைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

உளுந்துக்குள்ள ஒளிச்சு வச்சேன், என் ராசா
ஊரு தேசம் உன்னில் பாத்தேன்
அடுப்படிக் கதவடச்சு, என் ராசா
ஆகாசம் நான் பாத்தேன்

பெத்த பிள்ள அடிவாங்க, நான் பாவி
பேச்சடங்கி நின்னேனே
கட்டிலுக்குக் கீழ போட்டவ, நான் பாவி
கைய நீட்டி நான்தான்னு சொல்லலியே

பெரியம்மாவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனால் தொழில் தொழில்தானே. இப்படி ஒரு குரலைக் கேட்டதும் அவள் துள்ளிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து அடுத்த அடியைப் பிடித்தாள். முப்பது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, 'உளுந்துக்குள்ள ஒளிச்சு வச்சேன்' என்று கதறினார்கள். மாமா விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதப் போனவர்தான். ஊத முடியாதே, ஒப்பாரியாயிற்றே. அவர் விடுகிற மூச்சில் அது தானாகக் கீச்சுக் கீச்சென்றது.

அத்தை நிறுத்தவில்லை. குரல் தணிந்துகொண்டே போனது.

அஞ்சாப்பு முடிக்கையில, என் ஐயா
ஆபீசுக்கு அனுப்புனாவளே
எழுத்து மறந்துருமோன்னு, என் ஐயா
எடுத்தெடுத்துப் படிச்சேனே

குச்சி அடுக்குன விரலு இது, என் ஐயா
கொப்பளிச்ச விரலு இது
இன்னொரு விரல் வேண்டாமின்னு, என் ஐயா
எறங்கி ஒரு வார்த்த சொல்லு

இந்த இடத்தில் பெண்கள் யாரும் திருப்பிப் பாடவில்லை. பாதிப்பேர் ஆபீசுக்குப் போய் வந்தவர்கள். சிலர் நிஜமாகவே அழுதார்கள். மழைக்காக அழவில்லை. நானும் அழுதேன். மத்தியானம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிற அந்த ஒரு மணி நேரத்தில் அத்தை என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அந்த மனுஷியைப் போய்க் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கண்மாய்க்கரையில் பாதரசத்துக்குத் தீ வைத்தார்கள். பாய் தைத்த சிவப்பு ஜட்டிதான் கடைசியாக எரிந்தது. கூட்டம் கலையும்போது மாமா அத்தையின் பக்கத்தில் போய் நின்றார். ஒப்பாரியைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதால் சுற்றி வளைத்துக் கேட்டார்.

'வீட்ல உளுந்து டின் ஒண்ணுதானா?'

'தொவரையில நாலு கெடக்கு' என்றாள் அத்தை.

மாமா கண்மாயைப் பார்த்தார். 'பையன அடிச்சேனே' என்றார். 'அடிச்சீங்க' என்றாள் அத்தை. அத்தை அம்மாவின் பக்கம் திரும்பி, கேள்வியாக இல்லாமல், 'காலையில மொத பஸ்சுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம் மைனி, துணிமணிய எடுத்து வச்சிருங்க' என்றாள். பிறகு என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனாள். திருட்டுக்கு இப்போது வாங்கப்போகிறோம் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் குனிந்து என் காதில், 'ஏட்டி, நான் பாதிதான் படிச்சிருந்தேன். லண்டன் முழுகுச்சா?' என்றாள்.

'முழுகல அத்த. தடுத்துட்டான்.'

அத்தை எரிந்துகொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். 'கெடக்கட்டும், எரியட்டும்' என்றாள்.

மழை பெய்ததா என்று கேட்பீர்கள். நாலாம் நாள் ஒரு தூறல். உழவுக்குக் காணாது, புழுதி அடங்க மட்டும் போதும். ஆனால் ஊருக்கு அது போதுமே. அடுத்த வருஷம் எங்கள் ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் கோவில்பட்டிக்கு வந்து மாமா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, 'அதே மாதிரி ஒரு பாவி வேணும்' என்று கேட்டார்கள். மாமா உள்ளே போய்த் துவரை டின்னைக் கவிழ்த்து, அட்டைகளை வரிசையாகப் பரப்பி, பொறுக்கிக் கொடுத்தார். இரும்புக் காலணி போட்டவன் ஒருத்தன் பாவியாகப் போனான். அந்த வருஷம் நல்ல மழை. நான் அதே வீட்டிலிருந்து பத்தாவது முடித்து, அதற்குமேலும் படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக் காலையைச் சொல்லவில்லையே. விலக்கில் மாமாவும் அத்தையும் நானும் முதல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கையில் மஞ்சள் பை. பஸ்ஸுக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நின்றது. ஏஜெண்ட் தலையை நீட்டி, என்னை ஏறச் சொன்னார். அன்றைக்குத்தான் ஜூன் முதல் வேலைநாள். அத்தை என் தோளில் கையை வைத்து, 'அவ வேற வண்டிக்கு நிக்கா' என்றாள். ஏஜெண்ட் மாமாவின் விசிலைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வேனுக்குள் மற்ற மூன்று பேரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னலோரம் இருந்தாள். தலையைப் படிய வாரி, புதுப் பாவாடை கட்டியிருந்தாள்.

'ஏட்டி, உங்க அத்த பாடுனாவள்ளா, எழுத்து மறந்துரும்னு' என்றாள். 'அந்த மாதிரிப் புஸ்தகம் இருந்தா எனக்கும் ஒண்ணு கொண்டா.'

கொண்டுவருகிறேன் என்று தலையை ஆட்டினேன். வேன் போய்விட்டது.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனபோது அவளுக்கென்று ஒன்றை அத்தையிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அத்தை நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தாள். தோழி ஆபீஸ் வேனில் வந்து இறங்க விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். காத்திருக்கும்போது சும்மா புரட்டினேன், எடுத்தால் கீழே வைக்க முடியாத கதை. முடிக்கவில்லை. அடுத்த லீவில் கொடுக்கலாம் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த லீவில் அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.